நிழலை எங்கே விட்டுவைப்பது? ஒளிப்பதிவாளரின் பாணி குறித்து

மார்ச் 2, பிற்பகல் 4.35. பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர் ஒருவரின் கேள்வி

இப்போது வரும் படங்கள் எல்லாம் ஒரே மாதிரித் தெரிகின்றன. எல்லாரிடமும் அதே கேமரா, அதே லென்ஸ். வண்ணத்தைப் பிறகு கணினியில் ஏற்றிக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் பெயர் திரையில் வருவதற்கு முன்பே இன்னாருடைய ஒளிப்பதிவு என்று சொல்லிவிட முடிந்தது என்கிறார் என் தந்தை. அது உண்மையிலேயே ஒளிப்பதிவாளரின் பாணியா, இயக்குநரின் பாணியா, அல்லது அந்தக் காலத்துப் படச்சுருளின் குணமா? ஓர் ஒளிப்பதிவாளருக்கென்று தனிப் பாணி எப்படி உண்டாகிறது?

மார்ச் 2, இரவு 11.10

நான் பினாங்கில் இருபத்தாறு ஆண்டுகள் திருமணங்களுக்குப் புகைப்படமும் வீடியோவும் எடுத்து வாழ்ந்தவன். திரைப்படத் தளத்தில் வேலை செய்ததில்லை. ஆனாலும் இதே கேள்வி நெடுங்காலமாக என்னோடு இருக்கிறது. தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும், எவ்வளவு இருட்டை அப்படியே விட்டுவைக்கலாம் என்ற இரண்டு முடிவுகளை ஒருவர் படத்துக்குப் படம் எப்படி எடுக்கிறார் என்பதில்தான் அவருடைய கைவண்ணம் தெரிகிறது என்று நான் கருதுகிறேன். அந்த முடிவுகள் பெரும்பாலும் ஏதாவது ஒரு நெருக்கடியில் பிறக்கின்றன. சுப்ரதா மித்ராவைப் பாருங்கள். சத்யஜித் ராயின் முதல் படத்துக்கு ஒளிப்பதிவு தொடங்கியபோது அவருக்கு வயது 21; அதற்கு முன் திரைப்படக் கேமராவை இயக்கியதே இல்லை. 1956இல் வந்த 'அபராஜிதோ'வுக்காகக் காசி வீட்டின் முற்றத்தை, மழைக்கு அஞ்சி, ஸ்டூடியோவுக்குள் அமைக்க வேண்டியதாயிற்று. திறந்த முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சம் கூர்மையான நிழலைத் தராது. ஸ்டூடியோ விளக்குகளோ ஆளுக்கொரு நிழலைக் கொண்டுவந்து சேர்க்கும். மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார். விளக்குகளை அதன் மீது அடித்து, அங்கிருந்து திரும்பி இறங்கும் வெளிச்சத்தில் படமெடுத்தார். மழைக்கால அச்சம் இல்லாமல் காசியிலேயே அந்த முற்றத்தை எடுத்திருந்தால், அந்த முறைக்கு அப்போது தேவையே வந்திராது. துணியைக் கண்டுபிடித்தது நெருக்கடி. அதற்குப் பிறகும் அதைக் கைவிடாமல் தன் வழியாக ஆக்கிக்கொண்டது மித்ரா.

மார்ச் 3, காலை 7.50

இன்னோர் எடுத்துக்காட்டு நேற்றே நினைவுக்கு வந்திருக்க வேண்டும். 1972இல் வந்த 'காட்ஃபாதர்' படத்தில் மார்லன் பிராண்டோவின் கண்களே தெரியாதபடி கோர்டன் வில்லிஸ் தலைக்கு மேலிருந்து ஒளியை இறக்கினார். அது பிராண்டோவின் முக ஒப்பனைக்காகத் தொடங்கிய ஏற்பாடு. பிறகு அதே மேல்வெளிச்சத்தைப் படம் முழுவதற்கும் நீட்டினார். ஒரு முகத்துக்காகச் செய்த ஏற்பாடு ஒரு குடும்பத்தின் இரகசியமாக மாறிப்போனது.

மார்ச் 5, இரவு 10.25

இதெல்லாம் இயக்குநர் கேட்டதால் வந்தது, ஒளிப்பதிவாளர் அதைச் செய்து கொடுப்பவர்தாம் என்று ஒருவர் மறுத்திருக்கிறார். இயக்குநர் ஒருவரே இருந்து ஒளிப்பதிவாளர் மாறும் இடங்களைப் பார்த்தால் இதற்குப் பாதி விடை கிடைக்கும்.

மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' 1978இல் வந்தது. ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. அடுத்த ஆண்டு வந்த 'உதிரிப்பூக்கள்', 1980இல் வந்த 'ஜானி', 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' ஆகியவற்றுக்கு அசோக் குமார். இயக்குநரின் நிதானமும் பேச்சைக் குறைக்கும் இயல்பும் எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஆனால் பாலு மகேந்திராவின் சட்டகத்தில் மனிதர்கள் தாம் நிற்கும் இடத்தின் வெளிச்சத்திலேயே ஊறி நிற்கிறார்கள். அசோக் குமாரின் சட்டகத்தில் வெளிச்சம் அவர்களின் ஓரங்களைத் தொட்டு, பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'யின் அதிகாலைப் பனியில் சுகாசினி ஓடிவரும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பனியையே ஓர் ஒளித்திரையாக்கிய அந்தப் படம் அசோக் குமாருக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது.

மணிரத்னமும் அப்படியே. முதல் படமான 'பல்லவி அனு பல்லவி' பாலு மகேந்திராவிடம்; 'மௌன ராக'மும் 'நாயக'னும் பி.சி. ஸ்ரீராமிடம், 'தளபதி'யும் 'ரோஜா'வும் சந்தோஷ் சிவனிடம், 'பம்பாய்' ராஜீவ் மேனனிடம். 'நாயக'னில் சன்னல்களும் விளக்குகளும் இருட்டை அளந்து வெட்டுகின்றன. 'தளபதி'யில் சூரியனே ஒரு பாத்திரமாக வந்து முகங்களுக்குப் பின்னால் நிற்கிறது. கதை கேட்டது சூரியனைத்தான் என்றாலும், எதிர்வெயிலில் முகத்தை அப்படி எரியவிடுவதற்குச் சந்தோஷ் சிவனின் கண் வேண்டியிருந்தது.

இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒருவர் பாரதிராஜா. நிவாஸோடு தொடங்கியவர், 'நிழல்கள்' முதல் பல படங்களில் பி. கண்ணனை விடாமல் வைத்துக்கொண்டார். கண்ணனைப் 'பாரதிராஜாவின் கண்கள்' என்றே அழைத்தார்கள். 'முதல் மரியாதை'யில் ஆற்றங்கரையை இயக்குநர் பார்த்தாரா, கண்ணன் பார்த்தாரா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆகவே பாதி விடைதான்.

மார்ச் 6, காலை 6.40

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். பாலு மகேந்திரா பற்றிய வரி, விளக்கே வைக்காமல் இருப்பதை எடுத்தார் என்று பொருள்படும்படி அமைந்துவிட்டது. இயற்கை ஒளி என்று நாம் சொல்வது, வைத்த விளக்கு வைத்ததாகத் தெரியாத நிலை. சன்னல் பக்கம் வெளிச்சம் கூடுதலாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருக்க வேண்டும்; மூலையில் உட்கார்ந்திருப்பவர் முகம் மங்கலாகத்தான் தெரியும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். விளக்கு வைக்காமல் எடுப்பதைவிட இது கடினம்.

மார்ச் 9, இரவு 9.15

படச்சுருளின் குணமா என்ற கேள்வியை இதுவரை தொடவில்லை. என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் தலைமுறையில் மலேசியத் தமிழர் பலர் தமிழ்ப் படங்களை வாடகை வீடியோ நாடாவில்தான் பார்த்தோம். 1988இல் நான் பள்ளி மாணவன். ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்த 'அக்னி நட்சத்திரம்' நாடாவைப் போட்டபோது, வெளிச்சம் வெட்டி வெட்டி அடிப்பதைப் பார்த்த என் மாமா, நாடா கெட்டுவிட்டது என்று கடையில் திருப்பிக் கொடுத்து வேறு நாடா வாங்கி வந்தார். அதிலும் அப்படியே இருந்தது. 'நாயகன்' அதற்கு முன்பே எங்களிடம் வந்திருந்தது. பாதிக் காட்சிகள் சாம்பல் நிறப் புள்ளிகளாகக் கொதித்துக்கொண்டிருந்தன. ஸ்ரீராம் போதிய வெளிச்சம் இல்லாமல் எடுக்கிறவர் என்ற எண்ணம் எனக்குள் அப்போது படிந்துவிட்டது.

1992இல் அதே ஸ்ரீராமின் 'தேவர் மக'னை இங்கே திரையரங்கில் பார்த்தேன். அந்த வீட்டின் நிழல்களுக்குள் தூண் இருந்தது, மரத்தின் வழுவழுப்பு இருந்தது, நிற்கும் ஆளின் தோள் இருந்தது. நான் இருட்டு என்று நினைத்திருந்த இடமெல்லாம் நிறைந்திருந்தது. நாடா அதைத் தாங்கவில்லை, அவ்வளவுதான். படச்சுருளுக்கு அந்தத் தாங்கும் குணம் உண்டு என்பது உண்மை. ஆனால் அதே படச்சுருளை அதே ஆண்டில் நூறு பேர் பயன்படுத்தினார்கள், நிழலுக்குள் இவ்வளவு குடியேற்றியவர்கள் சிலரே. ஆகவே அந்தப் பாணியைப் படச்சுருளின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 11, பிற்பகல் 1.05

குருவிடமிருந்து பாணி வராதா என்று கேட்டிருக்கிறார்கள். ஸ்ரீராமிடம் உதவியாளர்களாக இருந்து வந்தவர்கள் ஜீவா, கே.வி. ஆனந்த், திரு, எம்.எஸ். பிரபு. ஒருவருடைய படத்தை மற்றவருடையதாக யாரும் தவறாகச் சொல்ல மாட்டார்கள். குருவிடமிருந்து வருவது ஒழுக்கம் என்று நினைக்கிறேன்: ஒரு விளக்கைப் போடுமுன் அது எதற்கு என்று தன்னையே கேட்கும் பழக்கம்.

மார்ச் 14, இரவு 11.40

இன்று எழுதுவது நீளமாக இருக்கும். இந்த இழையில் நான் உண்மையில் சொல்ல விரும்பியது இதுதான்.

நான் பதினேழு வயதில் ஒரு புகைப்படக்காரரிடம் விளக்குப் பிடிக்கும் பையனாகச் சேர்ந்தேன். ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கு. தாலி கட்டும் நேரத்தில் அதை மணமக்களின் முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடிக்க வேண்டும். மணமகன் கறுத்த நிறம். அவர் உடுத்தியிருப்பது வெள்ளைப் பட்டு வேட்டியும் சட்டையும். இரண்டிலிருந்தும் திரும்பி வரும் வெளிச்சத்துக்கு இடையே ஏறத்தாழ மூன்று ஸ்டாப் வேறுபாடு இருக்கும். முகத்துக்கு அளந்தால் வேட்டியின் மடிப்பெல்லாம் அழிந்து வெள்ளைத் தாளாகிவிடும். வேட்டிக்கு அளந்தால் முகம் கரியாகும். படச்சுருள் இதை ஓரளவு சமாளித்தது. அன்றைய வீடியோ கேமராவால் முடியவில்லை.

படச்சுருளுக்கும் ஒரு சாய்வு இருந்தது. வண்ணத்தைச் சரிபார்க்கப் புகைப்படம் அச்சிடும் கூடங்களுக்குக் கோடாக் அனுப்பிய மாதிரி அட்டையில் நெடுங்காலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். பல நிறத்தவர் இடம்பெற்ற அட்டைகள் 1990களில்தான் வந்தன. அந்த அட்டையை அளவுகோலாக வைத்துத்தான் நம் வீட்டுத் திருமணங்களும் அச்சாயின என்பதை நான் மிகப் பின்னால்தான் அறிந்தேன். அறிந்த நாளில் கோபம் வந்தது. இப்போதும் அது முழுதாக அடங்கவில்லை.

1997ஆம் ஆண்டு என்று நினைவு. புக்கிட் மெர்தாஜாமில் ஒரு மண்டபம். முகூர்த்தத்துக்குச் சிறிது நேரம் முன்பு விளக்குத் தாங்கி சரிந்து கழுத்து முறிந்துவிட்டது. விளக்கை உயர்த்தி நிறுத்த வழியில்லை. வேறு வழியின்றி அதைத் தரையில் வைத்து, பக்கத்தில் இருந்த வெள்ளைச் சுவரைப் பார்க்கத் திருப்பினேன். சுவர் முழுவதும் வெளிச்சமாகி, அங்கிருந்து பக்கவாட்டில் மணமேடைக்கு வந்தது. கேமராவுக்குள் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. கறுத்த சருமம் நேரே அடிக்கும் சிறிய விளக்கை விழுங்கிவிடும், அல்லது எண்ணெய்ப் புள்ளியாகத் திருப்பித் தரும். ஆனால் ஒரு பெரிய பரப்பிலிருந்து மெதுவாக வரும் வெளிச்சத்தை அது கன்னத்தின் வளைவில், நெற்றியில், மூக்கின் ஓரத்தில் ஏந்திக்கொள்ளும். அன்று மணப்பெண்ணின் முகம் செதுக்கியதுபோல் இருந்தது. படங்களைப் பார்த்த பெண்ணின் தாயார், "என் மகள் அப்படியே என் அம்மா மாதிரி இருக்கிறாள், தம்பி" என்று சொல்லிக் கண் கலங்கினார்.

மித்ரா துணி கட்டியதைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. பின்னர் படித்தபோது, அந்தச் சுவர்தான் அந்தத் துணி என்று புரிந்தது.

அடுத்த திருமணத்திலும் அப்படியே எடுத்தேன். அதற்கடுத்ததிலும் எடுத்தேன். மூன்றாவது வீட்டில், பிள்ளை கறுப்பாகத் தெரிகிறான், இதற்கா பணம் கொடுத்தோம் என்று கேட்டார்கள். முழுத் தொகுப்பையும் வெளுப்பாக அச்சிட்டுத் தரச் சொன்னார்கள். நான் அச்சிட்டுக் கொடுத்தேன். பிறகு விளக்கை மறுபடி முகத்துக்கு நேரே தூக்கிவிட்டேன். ஓய்வு பெறும்வரை, சில வீடுகளைத் தவிர, அப்படித்தான் எடுத்தேன். வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் காரணங்கள்தாம். ஆனாலும் பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தில் அர்ச்சனாவின் மாநிற முகம் சன்னல் வெளிச்சத்தில் எந்தப் பூச்சும் பளபளப்பும் இல்லாமல் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், அந்த மூன்றாவது வீட்டில் நான் வாதாடியிருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

ஆகவே மார்ச் 2ஆம் தேதி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நெருக்கடியில் ஒரு வழி யாருக்கும் கிடைத்துவிடலாம், எனக்கே கிடைத்தது. அது பாணியாவதற்கு, அடுத்த முறையும் அப்படித்தான் எடுப்பேன் என்று நிற்க வேண்டும். நிற்கவிடும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இயக்குநரின் பங்கு இங்கேதான் வருகிறது. பாரதிராஜா-கண்ணன் கணக்கில் நான் பிரிக்க முடியாமல் விட்டதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். மித்ராவுக்கு ராய் இருந்தார். பாலு மகேந்திரா 'வீட்'டுக்குத் தாமே இயக்குநர். முகம் மங்கலாக இருக்கிறதே என்று கேட்க அங்கே வேறு யாரும் இல்லை.

மார்ச் 15, காலை 8.20

மூன்று ஸ்டாப் என்றால் என்ன என்று கேட்டவருக்கு: ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும் அல்லது பாதியாக்கும். மூன்று ஸ்டாப் என்றால் எட்டு மடங்கு.

மார்ச் 21, இரவு 10.50

கேள்வி கேட்ட நண்பர் திரும்பி வந்து, அப்படியென்றால் இன்றைய டிஜிட்டல் கேமராவில் நிற்பதற்கு என்ன தடை என்று கேட்கிறார். நியாயமான கேள்வி.

கருவியைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. 2000இல் வந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?' படத்தை ரோஜர் டீக்கின்ஸ் மிசிசிப்பியின் கோடையில், எங்கும் பச்சையாக இருந்தபோது எடுத்தார். அவருக்கு வேண்டியதோ பழுப்பேறிய, காய்ந்த நிலம். இரசாயன முறைகளைச் சோதித்துப் பார்த்தும் மனநிறைவு வராததால், முழுப் படத்தையும் கணினியில் ஏற்றி வண்ணம் மாற்றினார். அந்த வேலை பல வாரங்கள் நீடித்தது. முழு நீளப் படத்தை அப்படிச் செய்த தொடக்க முயற்சிகளில் அது ஒன்று. படம் தொடங்குமுன்பே அந்தப் பழுப்பு அவர் மனத்தில் இருந்தது. கணினி அதை நிறைவேற்றிக் கொடுத்தது.

மாறியிருப்பது வேறொன்று. படச்சுருள் காலத்தில், எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்பது படச்சுருள் லேபிலிருந்து கழுவி வரும்வரை ஒளிப்பதிவாளர் ஒருவருக்கே தெரியும். தளத்தில் மற்றவர்கள் அவரை நம்பித்தான் ஆக வேண்டும். இப்போது எடுக்கும்போதே பெரிய மானிட்டரில் எல்லாரும் பார்க்கிறார்கள். நாயகனின் முகம் பாதி இருட்டில் இருந்தால், யாராவது ஒருவருக்கு அது உறுத்தும். அங்கே தப்பினாலும், பிறகு வண்ணம் சரிசெய்யும் அறையில் நிழலைத் தூக்கிவிட ஒரு குமிழைத் திருப்பினால் போதும். அந்த மூன்றாவது வீட்டார் இப்போது ஒவ்வொரு தளத்திலும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. படங்கள் ஒரே மாதிரித் தெரிகின்றன என்று நண்பர் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு என்பதை, முதல் நாள் மனத்தளவில் மறுத்திருந்த நான், இப்போது ஏற்றுக்கொள்கிறேன்.

இன்றும் அதைக் கடந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். மணிகண்டன் 'காக்கா முட்டை'யை எழுதி இயக்கி, ஒளிப்பதிவையும் தாமே செய்தார். அந்தச் சிறுவர்களின் கறுத்த முகங்களை எந்த வெளுப்பும் இல்லாமல், அந்தச் சந்துகளின் வெயிலிலேயே பார்க்கிறோம்.

மார்ச் 27, இரவு 11.30

நம் மண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை; நானே எழுதுகிறேன்.

மலேசியத் தமிழ்ப் படங்களையும் தொலைக்காட்சி நாடகங்களையும் பார்க்கும்போது, பல இடங்களில் சென்னையின் வெளிச்சத்தை இரவல் வாங்கி வைத்திருப்பதுபோல் எனக்குத் தெரிகிறது. மாலைப் பொன்வெயில், நீண்ட நிழல், பின்னாலிருந்து தலைமுடியில் அடிக்கும் ஒளி. நம்மிடம் அந்தப் பொன்வெயில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகைதான் வடக்கே. சூரியன் செங்குத்தாக விழுந்து மறைகிறது, அந்தி இருபது நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே நீடிக்கிறது. நெஸ்டர் அல்மெண்ட்ரோஸ் 'டேஸ் ஆஃப் ஹெவன்' படத்தின் பல காட்சிகளைக் கனடாவில், சூரியன் சாய்ந்த பிறகு வரும் வெளிச்சத்தில் நாள்தோறும் காத்திருந்து எடுத்தார். அங்கே சூரியன் சாய்வாக இறங்குவதால் அந்த வெளிச்சம் இன்னும் சற்று நேரம் தங்கும். இங்கே அதே முறையைப் பின்பற்றினால் ஒரு நாளைக்கு ஒரு காட்சிகூட முடியாது.

நம்மிடம் தாராளமாக இருப்பவை வேறு. உச்சிவெயில் இருக்கிறது. மழைக்கு முன்னால் அரை மணி நேரம் நிற்கும் ஈய நிற வானம் இருக்கிறது. 1997இலும் 2015இலும் நம்மை மூச்சுத் திணறவைத்த புகைமூட்டம் இருக்கிறது. சரவாக்கின் கூச்சிங்கில் பிறந்த இயக்குநர் சாய் மிங்-லியாங், தம்முடைய ஒளிப்பதிவாளர் லியாவ் பென்-ஜுங்கோடு, 2006இல் வந்த 'ஐ டோன்ட் வாண்ட் டு ஸ்லீப் அலோன்' படத்தைக் கோலாலம்பூரில் எடுத்தபோது, பாதியில் நின்றுபோன ஒரு கட்டடத்தின் உள்ளே தேங்கிய நீரையும் அதில் விழும் மங்கலான வெளிச்சத்தையும் கேமராவை அசைக்காமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். புகைமூட்டமும் அந்தப் படத்துக்குள் வருகிறது. நம் நகரத்தின் வெளிச்சத்தை அழகாக்க முயலாமல் அப்படியே நம்பிய படமாக எனக்கு அது தெரிந்தது.

2016இல் 'கபாலி'யைக் கோலாலம்பூரில் கொலிசியம் திரையரங்கில் பார்த்தேன். ஜி. முரளியின் ஒளிப்பதிவில் நம் நகரம் பெரிதாக, பளபளப்பாக இருந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அது வந்து பார்ப்பவரின் கோலாலம்பூர். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்'டில் அந்தப் புறம்போக்குக் குடியிருப்பின் தகர வீடுகளுக்குள் பகல் நுழைவதைப் பார்த்தபோது, இந்த வெளிச்சத்தில்தானே நான் வளர்ந்தேன் என்று மனம் நின்றது.

ஏப்ரல் 4, பிற்பகல் 3.45

ஆண்டில் இருமுறை சூரியன் பினாங்கின் தலைக்கு நேர்மேலே வருகிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒருமுறை, செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் ஒருமுறை. 1982இல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து ஏப்ரலில் நமக்கு உச்சி என்பது ஒன்றேகாலுக்கும் பிறகுதான். இன்று 1.20க்குப் பழைய லைட் மீட்டரை எடுத்துக்கொண்டு லெபோ பாசார் கடைத்தெருவுக்குப் போனேன்.

தெருவின் நடுவில், நூறு உணர்திறனில், நூற்றிருபத்தைந்தில் ஒரு நொடிக்கு, லென்ஸின் துளை எஃப் 16 (எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்). அங்கிருந்து இரண்டு எட்டு வைத்துக் கடைவீடுகளின் முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் நடைபாதையான அஞ்சடிக்குள் நுழைந்தால் எஃப் 4. நான்கு ஸ்டாப், பதினாறு மடங்கு. ஆனால் அந்த எஃப் 4 வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: மேலிருந்து கொஞ்சமும் வரவில்லை. வெயில் தெருவில் விழுந்து, தரையிலிருந்தும் எதிர்ச் சுவரிலிருந்தும் திரும்பி, பக்கவாட்டிலும் கீழிருந்தும் உள்ளே வருகிறது. புக்கிட் மெர்தாஜாம் மண்டபத்தின் சுவர் இங்கே தெரு நீளத்துக்குக் கிடக்கிறது. மித்ரா கட்டிய துணியைச் சூரியன் நமக்குத் தரையில் விரித்து வைத்திருக்கிறது.

மாலை கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் அனுமதி கேட்டு, முகத்துக்கு அளந்து, எஃப் 4இல் எடுத்தேன். அவருக்குப் பின்னால் தெரு முழுவதும் வெள்ளையாகக் கரைந்துவிட்டது. அவர் முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும், விரலிடையில் நார் இறுகும் இடமும் தெளிவாக இருந்தன. திரையைப் பார்த்துவிட்டு, "ரோட்டையே காணோமே, தம்பி" என்றார். ரோடு வேண்டுமா என்று கேட்டேன். சற்று யோசித்து, வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு மறுபடி மாலையைக் கட்டத் தொடங்கினார். எஃப் 5.6இலும் 8இலும் எடுத்த படங்களும் இருக்கின்றன. 8இல் தெரு ஓரளவு திரும்பி வருகிறது, முகம் போய்விடுகிறது.

கோலாலம்பூருக்குச் சூரியன் நேர்மேலே வந்த நாள் மார்ச் இறுதியிலேயே கடந்துவிட்டது. ஒரு வார வேறுபாடு பெரிதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் நண்பர் நாளையோ மறுநாளோ 1.15 மணி வாக்கில் ஜாலான் துன் சம்பந்தன் அஞ்சடியில் வெயிலையும் நிழலையும் தனித்தனியாக அளந்து, எதிரே உள்ள சுவர் என்ன நிறம் என்பதையும் சேர்த்து இங்கே எழுதுங்கள். சுவர் மஞ்சளாக இருந்தால் முகத்திலும் அது ஏறும். அதையும் பார்க்க வேண்டும்.